உள்பக்கத் தாழ்ப்பாள்

1

நெதர்லாந்துக்கு வந்து இருபது வருஷம் முடிந்ததை என் அலுவலகத்தில் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் என்றதும் பந்தி, பிரியாணி என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக். நின்றபடியே தின்ன வேண்டும். அந்தக் கேக்கையும் கொண்டாடப்படுகிறவனே வாங்கி வர வேண்டும் என்பது இந்த ஊர் மரியாதை. நானே வாங்கி, நானே வெட்டி, நானே எல்லோருக்கும் நீட்டி, அவர்கள் வாழ்த்தியதற்கு நன்றியும் சொன்னேன். பன்னிரண்டு நிமிடத்தில் விழா முடிந்தது.

அதற்கு முன்னால் அதே அறையில் நகராட்சிக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். என் தொழில் வீடு வரைவது. மனநோயிலிருந்து தேறியவர்கள், குடியை விட்டவர்கள், முழுக்கத் தனியாகவும் வாழ முடியாமல் ஆஸ்பத்திரியிலும் இருக்கத் தேவையில்லாமல் நடுவில் நிற்கிறவர்கள், இவர்களுக்கான குடியிருப்புகள். தனிமையும் வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் சுவரை எங்கே வைப்பது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் பேச்சில் தவறாமல் வரும் வாக்கியம் ஒன்று உண்டு. “உள்ளே இருப்பவர் திறந்தால் அது கதவு. வெளியே இருப்பவர் மட்டும் திறக்க முடிந்தால் அது மூடி.” இதைச் சொல்லிவிட்டு இரண்டு நொடி நிறுத்துவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். அன்றும் ஆட்டினார்கள். இருபது வருஷமாகியும் டச்சு மொழியில் ‘நீ’யும் ‘தாங்க’ளும் எனக்கு இடம் மாறித்தான் விழும். அன்று நகராட்சித் துறைத் தலைவரை ‘நீ’ என்றும், அவர் கூட்டி வந்திருந்த நாயைத் ‘தாங்கள்’ என்றும் அழைத்தேன். நாய்தான் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டது.

கேக் தட்டு கையில் இருக்கும்போதே ஆம்பூரிலிருந்து போனுக்கு ஒரு படிவம் வந்தது. என் அக்கா எஸ்தர் தங்கியிருக்கும் விடுதியின் செயலாளர் அனுப்பியது. பத்து நாளைக்கு முன் அக்கா தன் அறைக்குள்ளே மயங்கி விழுந்துவிட்டாள். அதனால், “குடியிருப்பவரின் பாதுகாப்புக் கருதி, அவர் அறையின் உள்தாழ்ப்பாளை நீக்குவதற்குப் பாதுகாவலராகிய நான் சம்மதிக்கிறேன்.” கீழே ஒரு கோடு. நான் விரலில் ஒட்டியிருந்த கிரீமைத் துடைத்துவிட்டு அந்தக் கோட்டின் மேல் விரலாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அடுத்த கேக் துண்டை எடுத்தேன்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நான்தான்.

2

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பத்தாவது முடித்ததும் ஷூ கம்பெனிக்குப் போனாள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. காலையில் கம்பெனி பஸ் வந்து ஆரன் அடித்தால் எங்கள் தெருவிலிருந்து மட்டும் பதினைந்து பெண்கள் ஓடுவார்கள். அவள் தைத்த ஷூக்கள் ஐரோப்பாவுக்கு எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டன. நான் பிறகு வந்தேன், அவள் சம்பாதித்துப் படிக்க வைத்ததால்.

இருபத்தாறு வயதில் அவளுக்கு வியாதி வந்தது. முதலில் மெஷின் தன்னைத் திட்டுகிறது என்றாள். பிறகு சூப்பர்வைசர் திட்டுகிறார் என்றாள். அது நிஜம் என்பதால் நாங்கள் முதல் ஆறு மாதம் எதையும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். பாலாற்று மணலில் கண்டுபிடித்துக் கூட்டி வந்தோம்.

எங்கள் வீடு ஒரே வரிசையில் ஆறு வீடு. ஒரே குழாய், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இங்கே நான் பேசும்போது யாராவது, “உங்கள் நாட்டில் சமூக வாழ்வு இயல்பாகவே இருக்குமல்லவா?” என்று ஆசையாகக் கேட்பார்கள். “ஆமாம்” என்பேன். இருந்தது. அக்கா மாத்திரை போட்டாளா என்று ஆறு வீட்டுக்கும் தெரியும். அவள் கத்தினால் சாமான் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். கல்யாணப் பேச்சோடு யாராவது வந்தால் எங்கள் வாசலுக்கு வருமுன்பே விஷயம் சொல்லப்பட்டு அவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். சமூகம் அவ்வளவு சுறுசுறுப்பு.

அம்மா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தாள். அப்பா இல்லை. அம்மா வேலைக்குப் போகும்போது அக்காவை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவாள். கொடுமைக்காரி இல்லை. வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவள் வந்து பூட்டைத் திறக்கும்வரை அக்கா உள்ளேயே இருப்பாள். இப்படி ஒன்பது வருஷம்.

3

அம்மா போன பிறகு அக்கா ஒரு ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தாள். முப்பது கட்டில், ஒரே கூடம். மாத்திரை ஒத்துக்கொண்டு நன்றாகத் தேறியிருந்தாள். போகத்தான் இடமில்லை. அப்போதுதான் ஆம்பூருக்கு வெளியே ஒரு சின்ன அறக்கட்டளை, இப்படித் தேறிய எட்டுப் பெண்களுக்கு வீடு கட்டப்போகிறது என்று கேள்விப்பட்டேன். “வரைபடம் நான் போட்டுத் தர்றேன், இலவசமா” என்றேன். செயலாளர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், போனிலேயே அழுதுவிட்டார்.

ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தேன். எட்டு அறை, நடுவில் ஒரு கூடம், ஒரு பெரிய சமையலறை. ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். படம் முழுக்க என் மேதாவிலாசம். எல்லாவற்றுக்கும் மேலாக, நுழைவாயிலில் ஒரு செருப்பு அலமாரி. தேக்கு, கதவு போட்டது, எட்டுத் தட்டு. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். வாசலில் செருப்பு இறைந்து கிடந்தால் விடுதி மாதிரி இருக்கும், அலமாரிக்குள் போனால் வீடு மாதிரி இருக்கும் என்பது என் தத்துவம்.

மேஸ்திரி வீடியோ காலில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், இன்னா சார் இது? செருப்புக்கு பீரோவா?”

“ஆமாங்க. எல்லாரும் உள்ள வர்றப்ப அதுல வெச்சிட்டு வரணும்.”

“அவங்கவங்க ரூமு வாசல்ல வுட்டா போவுது. எதுக்கு சார் இந்த பேஜாரு?”

“நீங்க போடுங்க மேஸ்திரி. பாக்கறதுக்கு நல்லா இருக்கும்.”

பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து என் பேச்சில் ஒரு படமாகவும் சேர்த்துக்கொண்டேன். திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன். அக்கா தன் அறைக்குள் போனாள், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நாங்கள் பேடா தட்டோடு வெளியே நின்றோம். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். “உள்ள இன்னாக்கா பண்ண?” என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல. சும்மா இருந்தேன்” என்றாள். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

4

அவள் விழுந்த கதையை நசீமாம்மா போனில் சொன்னார். எட்டுப் பேரையும் கவனித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருப்பவர் அவர். அறுபதை நெருங்குகிறார், எட்டுப் பேருக்கும் அவர்தான் அதட்டல், அவர்தான் ஆறுதல்.

“ஞாயித்துக்கெழம தம்பி. நாலு பேரு சர்ச்சுக்கு போச்சிங்க, ரெண்டு பேரு மார்க்கெட்டு. எஸ்தரும் சர்ச்சுக்குத்தான் போயிருக்கும்னு நெனச்சேன். எப்பவும் போவும் இல்ல? அன்னிக்கி காலைல ஒடம்பு ஒரு மாதிரி இருந்திருக்கு, நாஷ்டா துண்ணாம மாத்திரய போட்டுகினு படுத்திருக்கு. எழுந்திருக்கும்போது மயக்கமாயி கீழ வுழுந்திருச்சி. கதவு உள் தாப்பா.”

“யாரும் பாக்கலயாம்மா?”

“எப்டி பாக்கறது? சர்ச்சுக்கு போனதுங்க ரெண்டு மணிக்கு வந்து, எஸ்தர் எங்க கூட வர்லயேன்னுதுங்க. எனக்கு தூக்கி வாரி போட்டுச்சி. செயலாளர் சார் ஓடியாந்து கதவ ஒடச்சாரு. கை முறிஞ்சி கெடக்குது. நாலு மணி நேரம் தம்பி. நான் இங்கதான், அடுத்த ரூம்ல வெங்காயம் உரிச்சிகினு கீறேன்.”

அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அவர் ஒன்று சொன்னார்.

“செருப்பு வாசல்ல கெடந்திருந்தா தெரிஞ்சிருக்கும் தம்பி. ஆளு உள்ள கீதுன்னு. எல்லா செருப்பும் அந்த பீரோவுல.”

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்று கதவைத் தட்டியா பார்க்கிறோம்? வாசலைப் பார்க்கிறோம். எந்தச் செருப்பு யாருடையது என்று தெரு முழுக்கத் தெரியும். கதவு சாத்தியிருந்து செருப்பும் வெளியே இருந்தால், ஆள் உள்ளேதான், தொந்தரவு செய்யாதே. செருப்பு இல்லையென்றால் வெளியே போயிருக்கிறார். ரொம்ப நேரமாகச் செருப்பும் கிடக்கிறது, சத்தமும் இல்லை என்றால் ஒரு குரல் கொடு. யாரும் யார் அறைக்குள்ளும் நுழையாமல் எல்லோரும் எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் ஏற்பாடு. இதைக் கண்டுபிடிக்கத்தான் இங்கே நாங்கள் உள்ளே ஆள் நடமாட்டத்தை மட்டும் காட்டும் சாய்வு ஜன்னல், உணர்கருவி என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறோம்.

செருப்பு, ஷூ என்று பிழைக்கிற ஊரில் பிறந்து, ஷூ தைத்த காசில் படித்து, பட்டம் வாங்கி, கடைசியில் எட்டுப் பெண்களின் செருப்பைத் தேக்குக் கதவுக்குள் வைத்துப் பூட்டியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் அந்தப் படிவம் வந்தபோது இதெல்லாம் என் மண்டையில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. தப்பு அலமாரியில் இருக்க, நான் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

5

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என் போனை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. “பேச மாட்டேங்குது தம்பி. கட்டில இழுத்து கதவுல முட்டு குடுத்துகினு படுக்குது. ஒத்த கையால” என்றார் நசீமாம்மா.

அன்று சாப்பாட்டு மேஜையில் இதை என் மனைவி சுதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் மகள் ரூத்துக்குப் பதினாறு வயது. மேஜையில் இருப்பாள், ஆனால் இருக்க மாட்டாள். அவள் அறைக் கதவைத் தட்டினால் “ஒரு நிமிஷம்” என்று குரல் வரும். அந்த நிமிஷத்துக்கு அறுபது நொடி என்று கணக்கு கிடையாது. அவளுடைய தமிழ் மாவில் கல் மாதிரி டச்சு கலந்தது, ‘நீங்க’ என்பதே அதில் இல்லை. அன்று அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, அத்தைகிட்ட கேட்டியா?”

“எத?”

“லாக் எடுக்கலாமான்னு.”

“ரூத், அது அப்படி இல்ல. அத்தைக்கு ஒரு ஆபத்து வந்துச்சி. பாதுகாப்பு, தனிமை ரெண்டையும் எடைபோட்டு...”

“கேட்டியா, கேக்கலியா?”

“கேக்கல.”

“என் ரூம் லாக்க நீ எடுத்தா நான் போலீஸ்க்கு போன் பண்ணுவேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சுதா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

மறுநாள் அவசர விடுப்புக்கு விண்ணப்பித்தேன். உடன்பிறந்தவரைக் கவனித்துக்கொள்ள விடுப்பு உண்டு, ஆனால் படிவம் உண்டு. நோயாளி உங்கள் முகவரியில் வசிக்கிறாரா? இல்லை. அவரை நீங்கள் கவனித்துக்கொள்கிறீர்களா? ஆம் என்று எழுதினேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவதை யோசித்தேன். கட்டத்தில் மணிக்கணக்கைத்தான் எழுத முடியும், நிமிடம் எழுத இடமில்லை. இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கி எழுதினேன். எழுதும்போது வெட்கமாக இருந்தது.

அதே நாள் அலுவலகக் கழிப்பறையில் எனக்கு ஞானம் பிறந்தது. இந்த நாட்டில் எந்தக் கழிப்பறையிலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டால் வெளியே ஒரு சின்னப் பள்ளம் சிவப்பாகும். உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் அந்தப் பள்ளத்தில் ஒரு காசை வைத்துத் திருகினால் கதவு திறக்கும். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தத் தாழ்ப்பாளைத்தான் போட்டுத் திறந்துகொண்டிருக்கிறேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். நான் அலையக்கூட இல்லை, வெண்ணெயை மறுத்துக் கையெழுத்தே போட்டேன்.

எட்டுத் தாழ்ப்பாள் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். எட்டையும் எடுத்து வரிசையாக அடுக்கினார்.

“இன்னா சார் இதெல்லாம்?”

“பாத்ரூம் தாழ்ப்பாள் சார்.”

“ஃபாரின்ல இருந்தா?”

“ஆமா சார்.”

“இது பாரிஸ் கார்னர்ல கெடைக்குமே சார்” என்றார் பரிதாபமாக. ஆம்பூரிலேயே கிடைக்கும் என்று மறுநாள் தச்சர் சொன்னார். அதுவும் விலை கம்மி, வகை ஜாஸ்தி.

6

விடுதிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது என் தேக்கு அலமாரி. கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். எட்டுத் தட்டிலும் வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு. காற்றோட்டத்துக்கு நன்றாக இருக்கிறது என்றார் நசீமாம்மா. ஒவ்வொரு அறை வாசலிலும் அந்தந்த அறைக்காரியின் செருப்பு. யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

“சாயங்காலம் டீ போட்டா, செருப்பு கெடக்கற வாசல்ல எல்லாம் ஒரு தட்டு தட்டுவேன். டீ வேணாம்னாலும் கொரல் குடுக்கணும். கொரல் வந்தா போதும். கதவ தொறக்க வாணாம்” என்றார்.

அக்கா அறை வாசலிலும் நீல வார் போட்ட செருப்பு கிடந்தது. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் வெளிப்பக்கம் வரை துளைத்த நாலு ஆணி ஓட்டை. தட்டினேன்.

“யாரு?”

“நான்தான்க்கா, எபி.”

“எந்த எபி? கையெழுத்து போட்டானே, அவனா?”

“ஆமாக்கா.”

உள்ளே கட்டில் நகர்கிற சத்தம். “வா. தட்டுனியே, அதுக்கோசரம்தான் வர சொல்றேன்” என்றாள்.

வலது கையில் மாவுக்கட்டு. கழுத்தில் துணித் தொட்டில். கொஞ்சம் கறுத்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“இன்னாடா இப்டி எளச்சி போய்ட்ட? அந்த ஊர்ல சோறு போட மாட்டாங்களா?”

நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். அதற்குள் பாதுகாப்பு என்ற சொல் இரண்டு தடவை வந்துவிட்டது. “நீ நாலு மணி நேரம் உள்ள வுழுந்து கெடந்தக்கா. எனக்கு அங்க எப்டி இருந்திருக்கும்?”

“வுழுந்தவ நானு. உனக்கு இன்னாடா?” என்றாள். பிறகு மெதுவாக, “அம்மா வெளிய பூட்டினு போவும் இல்ல? சாவி ரெண்டு இருந்திச்சி. ஒண்ணு அம்மாகிட்ட. ஒண்ணு உங்கிட்ட.”

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

“உனக்கு காலேஜி ரெண்டு மணிக்கே வுட்ரும். தெரியும் எனக்கு. பக்கத்து வூட்டு பாட்டி சொல்லும், உன் தம்பி தெரு முனைல தோஸ்துங்களோட நிக்கிறான்னு. அம்மா வந்து தொறக்கற வரிக்கும் நீ வர மாட்ட.”

உண்மை. இதை நான் சுதாவிடம்கூடச் சொன்னதில்லை. அக்காவோடு தனியாக இருக்க எனக்குப் பயம். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வருஷம் தெருமுனையில் நின்றேன். அப்புறம் ஊர் ஊராகப் போய்க் கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நான் அந்த அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அக்கா அழவிட்டாள். நடுவில் ஒருமுறை, “மூக்க தொட” என்று தன் துண்டைக் கொடுத்தாள்.

“அது போவட்டும். நீயும் அப்ப சின்ன பையன்தான். ஆனா இந்த தாப்பா வெச்ச பாரு, பொறந்ததுல இருந்து மொத தடவ என் பக்கம் ஒரு தாப்பா. டெய்லி அத போடும்போது உன்ன நெனச்சிக்குவேன். நீயே கழட்டிட்டியேடா.”

பெட்டியிலிருந்து புதுத் தாழ்ப்பாளை எடுத்து நீட்டினேன். இடது கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பத்து வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள், எந்தப் பொருளையும் முதலில் பின்பக்கம்தான் பார்ப்பாள்.

“வெளிய இருந்தும் தொறக்குமா?”

“ஒரு ரூபா காச வெச்சி திருப்புனா தொறக்கும்.”

“யாரு திருப்புவாங்க?”

“நசீமாம்மா. அவசரம்னா மட்டும்.”

“அவசரம்னு யாரு சொல்றது?”

இருபது வருஷத்தில் எந்த நகராட்சிக்காரரும் என்னிடம் கேட்காத கேள்வி. “நீ சொல்லுக்கா” என்றேன். அவள் விரல் மடக்கிச் சொன்னாள். வாசலில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்ட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை தட்ட வேண்டும். அப்புறம் திருப்பலாம். திருப்புவதற்கு முன்னால், “எஸ்தர், வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எங்கள் துறையின் கையேட்டில் இதற்குப் பதினான்கு பக்கம் செலவழித்திருக்கிறார்கள், செருப்பு இல்லாமல்.

7

தாழ்ப்பாள் போடுவது என் கையில் இல்லை. அறக்கட்டளையின் கமிட்டி முடிவு செய்ய வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கூடத்தில் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். மற்ற ஏழு பெண்களும் அவரவர் அறை வாசலிலேயே நின்று கேட்டார்கள். கேட்க வேண்டுமென்றால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் உள்ளே போய்விடலாம். படத்தில் நான் வரைந்தபடி அமைந்த ஒரே விஷயம் அதுதான்.

செயலாளரைத் தப்பாக நினைக்காதீர்கள். அன்று தோளால் இடித்துக் கதவை உடைத்தவர் அவர். அக்காவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவரும் அவர்தான். இன்னும் அந்தத் தோளைத் தடவிக்கொண்டுதான் பேசுகிறார்.

நான் எழுந்து பாத்ரூம் தாழ்ப்பாளைக் காட்டி விளக்கினேன். அக்கா சொன்ன வரிசையைப் படித்தேன். நசீமாம்மா ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருகிக் காட்டினார். தலையாட்டினார்கள். அப்புறம் செயலாளர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“நல்லாதான் இருக்கு சார். ஆனா நீங்க ஒரு தடவ எடுக்க சொல்லி கையெழுத்து போட்டீங்க. இப்ப போட சொல்லி கையெழுத்து போடுவீங்க. நாளைக்கி மறுபடி எதுனா ஆச்சின்னா, எடுக்க சொல்லி போடுவீங்க. நீங்க அங்க இருப்பீங்க. நான்தான் இங்க கதவுக்கு வெளிய நிக்கணும்.”

அதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை. நான் வாயைத் திறந்தேன்.

“அவன எதுக்கு சார் கேக்கறீங்க? ரூமு என்னுது” என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். செயலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எஸ்தரம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அன்னிக்கி நாலு மணி நேரம். மறுபடி அப்டி உள்ள வுழுந்து, நாங்க தொறக்கறதுக்குள்ள ஏதாவது ஆய்ட்டா?”

“செத்துட்டா ஒடச்சிகினு வாங்க சார். நான் இன்னா, வர வாணாம்னா சொல்ல போறேன்? உயிரோட கீற வரிக்கும் தட்டிட்டு வாங்க.”

வாசலில் நின்ற பெண்களில் யாரோ ஒருத்தி, “அதான” என்றாள்.

செயலாளர் மறுபடி தாழ்ப்பாள் போடுவதற்காகக் கொண்டுவந்திருந்த சம்மதப் படிவத்தை எடுத்தார். பிறகு ‘பாதுகாவலர்’ என்று அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, பேனாவோடு சேர்த்துக் காகிதத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அக்கா பேனாவை இடது கையில் பிடித்தாள். எஸ்தர். நாலே எழுத்து. முதல் எழுத்திலேயே காகிதம் வழுக்கி நகர்ந்தது. நான் அதைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

“வுடுடா” என்றாள்.

விட்டேன்.